மனக்காயம் ஆறும் வழி – மாதர் சங்கப் பாடம்



கவ்வாத்துக் கத்தி கையில் பட்டால் உடனே மருந்து கட்டுகிறோம். மனதில் பட்ட காயத்துக்கோ, "எல்லாம் தலையெழுத்து" என்று இருந்துவிடுகிறோம். அந்தக் காயமும் ஆறக்கூடியதுதான். எப்படி என்று பார்ப்போம்.

பிணைப்பு என்றால் என்ன?

குழந்தை பயந்தால் தனக்குப் பழகிய ஆளிடம் ஓடுகிறது. அவர் தூக்கி அணைத்தால் பயம் தணிந்து மறுபடி விளையாடப் போகிறது. இதுவே பிணைப்பு. இங்கிலாந்து மனநல வைத்தியர் ஜோன் போல்பி, 1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கொடுத்த அறிக்கையில் இதன் அவசியத்தை விளக்கினார். அவருடன் வேலை செய்த மேரி எயின்ஸ்வர்த் உகண்டா கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தார். குழந்தையின் குறிப்பறிந்து கவனிப்பதே முக்கியம் என்று கண்டார். ஆகவே, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய் மேல் குற்றமில்லை. அம்மாயியோ பிள்ளைக் காம்பரா ஆயம்மாவோ அன்பாக, நிலையாக இருந்தாலும் பிள்ளைக்குப் பலம்தான்.

பிணைப்பு அறுந்தால்

சிறு வயதில் தாய் வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கலாம். தகப்பன் குடித்துவிட்டு அடித்திருக்கலாம். அந்தப் பிள்ளை வளர்ந்து பெண்ணான பிறகு, புருஷன் கொஞ்சம் சுணங்கினாலும் "விட்டுட்டுப் போயிட்டாரோ" என்று துடிக்கிறாள். இன்னொருத்தி "எனக்கு யாரும் வேணாம்" என்று ஒதுங்குகிறாள். காலைக் கட்டும் தன் பிள்ளையை அடித்துவிட்டுப் பிறகு அழுகிறாள் வேறொருத்தி. இது கெட்ட குணம் அல்ல, பழைய பயம்.

மட்டக்களப்பில் நடந்தது

1977, 1983 கலவரங்களுக்குப் பின் நம் மலையகக் குடும்பங்கள் சிலவும் கிழக்கே போய்க் குடியேறின. அங்கே யுத்தம் பிணைப்புகளை அறுத்தது. 1990 செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பவில்லை. காணாமல் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு, பெண்கள் அம்மன் கோவில்களில் வாக்குக் கேட்டு அழுதார்கள்.

இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1991 இல் கொழும்பில் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1993 இல் மட்டக்களப்புக்கு வந்தது. பெண்களை ஒன்றுசேர்த்தது, ஆற்றுப்படுத்தியது, சட்ட உதவியும் செய்தது. "அழாதே" என்று ஒருநாள் புத்தி சொல்லிப் போவதால் பயனில்லை. திரும்பத் திரும்ப வந்து கேட்கும் ஆள் வேண்டும்.

ஆற்றுப்படுத்துநர் செய்வது

1. அதே ஆள், குறித்த நாளில் தவறாமல் சந்திப்பார். சொன்னதை வெளியில் சொல்லமாட்டார்.
2. கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக, அவள் விரும்பும் அளவுக்கே கேட்பார்.
3. இன்றைய கோபம் எது, பழைய பயம் எது என்று பிரித்துப் பார்க்க உதவுவார்.
4. "எனக்குப் பயமாக இருக்கிறது, கூட இருங்கள்" என்று வீட்டாரிடம் கேட்கப் பழக்குவார்.

வீட்டில் இப்போதும் அடி விழுந்தால், முதலில் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு.

பிணைப்பில் பட்ட காயம் பிணைப்பால்தான் ஆறும். பக்கத்துக் காம்பராத் தங்கச்சி கதைக்க வந்தால், புத்தி சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள். தூக்கமில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி எண் 1926.

கூட்டத்தில் பேச: நீங்கள் சிறுபிள்ளையாகப் பயந்தபோது யாரிடம் ஓடினீர்கள்? இன்று உங்களிடம் ஓடி வருவது யார்?