விதியும் நிகழ்வும்

நுழையும்முன்

பொய் கூறலாகாது என்பது யாவரும் அறிந்த பொதுவிதி. அது எல்லா நிகழ்வுகளுக்கும் பொருந்துமா? பெங்களூருவின் பிரேசர் டவுன் தோன்றிய காலத்தைக் கொண்டு இப்பாடம் அதனை ஆராய்கிறது.

பாடம்

செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் பொதுவிதிக்கே முதன்மை தந்தார். வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிக் கொலைகாரன் வந்து கேட்டாலும், அவனிடம் பொய் கூறலாகாது என்று 1797இல் எழுதினார். பலருடைய மனம் இம்முடிவை ஏற்பதில்லை.

திருவள்ளுவர் விதியையும் கூறி, அதன் விலக்கையும் கூறுகிறார். பிறர்க்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று ‘வாய்மை’ அதிகாரம் தொடங்குகிறது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அடுத்த குறளின் கருத்து. ‘குற்றமற்ற’ என்னும் சொல்லே அவ்விலக்கிற்கு வேலி.

இவ்வேலி ஏன் வேண்டும்? 1898இல் பெங்களூருவில் பிளேக் நோய் பரவியது. அக்காலத்தில் இந்திய நகரங்கள் பலவற்றில் நோயாளிகள் குடும்பத்தினின்று பிரிக்கப்பட்டனர். அதற்கு அஞ்சி, நோயுற்றோரைப் பலர் வீட்டிலேயே மறைத்தனர். அது அன்பினால் பிறந்த பொய். ஆயினும் மறைக்கப்பட்ட நோய் அண்டை வீட்டாரையும் தாக்கக்கூடும். எனவே அந்த நன்மை குற்றமற்றதன்று.

அதே நிகழ்வு விதி வகுத்தோரையும் வினவுகிறது. தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் விதி கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டால், உண்மை கூற யார் முன்வருவர்? பொதுநலம் காக்கும் விதியிலும் இரக்கம் வேண்டும் என்பதை அம்மக்களின் அச்சம் உணர்த்துகிறது.

நோய்க்குப்பின், நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகள் அமைந்தன. 1910இல் உருவான பிரேசர் டவுன் அவற்றுள் ஒன்று. மைசூருவில் பிரித்தானியப் பிரதிநிதியாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அது பெற்றது.

விதிகளையும் தனி நிகழ்வுகள் பற்றிய தீர்ப்புகளையும் ஒப்பிட்டு, இரண்டும் இசையும்வரை திருத்திக்கொள்ளும் முறையை அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். நிகழ்வை நோக்காத விதி கொடுமையாகலாம். விதியை நோக்காத இரக்கம் பிறர்க்குத் தீங்காகலாம்.

சொற்பொருள்

மெய்யியல் – தத்துவம்
விலக்கு – விதிக்கு உட்படாதது
இசைதல் – பொருந்துதல்

பயிற்சி

1. வாய்மைக்குத் திருவள்ளுவர் கூறும் விதியும் விலக்கும் யாவை?
2. நோயாளியை மறைத்த பொய் ஏன் குற்றமற்ற நன்மை ஆகாது?
3. உங்கள் பள்ளியின் விதி ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அது பொருந்தாத நிகழ்வு ஒன்றைக் கூறி, விதியை எவ்வாறு திருத்தலாம் என ஐந்து தொடர்களில் எழுதுக.