நிலவும் அடுக்களையும்

மாணவர்களே! பெருஞ்செயல் என்றவுடன் நம் எண்ணம் கடலையும் மலையையும் வானையும் நாடிச் செல்கின்றது. வீட்டினுள் நிகழும் சிறு திருத்தத்தைப் பெருஞ்செயலென நாம் கருதுவதில்லை. இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து முளைப்பன என்னும் உண்மையை யான் என் முதுமையில், எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கற்றேன். அதனை உங்களுக்கு உரைக்க விழைகின்றேன்.

எங்கள் ஊர் திருவொற்றியூர். கிழக்கே கடல், தெற்கே இராயபுரமும் காசிமேட்டு மீன்பிடி துறைமுகமும், வடக்கே எண்ணூரின் ஆலைகள். உழைப்பவர் மிகுந்த பகுதி இது. இந்திய நாட்டில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தொடங்கிற்று. சென்னைக்கு அது 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வந்தது. அக்காலத்தில் ஒரு தெருவில் ஒரு பெட்டி இருப்பதே அரிது. பெட்டி உள்ள வீட்டின் சன்னலில் தெருவே கூடி நிற்கும்.

1984ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இராகேஷ் சர்மா சோவியத்து நாட்டு விண்கலத்தில் ஏறி, விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியர் ஆனார். அவரோடு பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் உரையாடிய காட்சியை யான் அண்டை வீட்டின் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் கண்டேன். மேலிருந்து நோக்குங்கால் பாரதம் எவ்வாறு தோன்றுகின்றது என அம்மையார் வினவினார். அவர் கவிஞர் இக்பாலின் பாடலடி ஒன்றையே விடையாக மொழிந்தார். கூடியிருந்தோர் கைதட்டி மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சியோடு தெருவில் இறங்கிய யான், அடிபம்பின் முன் குடங்களோடு வரிசையில் நின்ற என் அன்னையைக் கண்டேன். "வானத்திலிருந்து என்னப்பா சொன்னார்?" என்று அவர் ஆவலோடு கேட்டார். "நல்லதாகத்தான் சொன்னார், அம்மா" என்று கூறிவிட்டு நடந்தேன். அவர் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆண்டுகள் சென்றன. எங்கள் வீட்டிற்கும் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. ஆயினும் காட்சி கூடத்தில் இருந்தது; என் அன்னையும் மனைவியும் அடுக்களையில் இருந்தனர். நாங்கள் கண்டதை அவர்கள் சுவருக்கு அப்பாலிருந்து காதால் கேட்டனர். அதனை ஒரு குறையென எவரும் எண்ணவில்லை.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கு கலம் நிலவை அணுகியது. தரையைத் தொடவிருந்த வேளையில் தொடர்பு அறுந்தது. கலம் நிலவில் மோதி வீழ்ந்தது. அறிஞர் கலங்கினர், எனினும் சோர்ந்து அமர்ந்தாரல்லர். எவையெவை தவறக்கூடும் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றிற்கேற்ப அடுத்த கலத்தைத் திருத்தினர். கால்களை வலிவாக்கினர். எரிபொருளைக் கூட்டினர். விரைவை அளக்கும் புதிய கருவி ஒன்றைச் சேர்த்தனர். முன்னர் அரைக் கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்கிடத்தை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் உள்ளதாக விரித்தனர். இப்பணியின் திட்ட இயக்குநரான வீரமுத்துவேல், விழுப்புரத்தைச் சேர்ந்த இரயில்வேத் தொழிலாளர் ஒருவரின் மைந்தர் ஆவார்.

2023ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் பிற்பகல் 2.35 மணிக்குச் சந்திரயான்-3 சிறீஅரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அவ்விடம் எங்கள் ஊருக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவில் உள்ளது. மாடியில் நின்ற எங்களுக்கு வடவானில் ஒரு வெண்கீற்று தெரிந்தது. அன்று மாலை, திருத்தங்களைப் பற்றிய செய்தியைக் கேட்ட என் பேத்தி, "தாத்தா, நம் வீட்டிலும் எது எது தவறக்கூடும் என்று எழுதிப் பார்க்கலாமா?" என்றாள். ஏட்டை எடுத்துக்கொண்டு நேரே என் அன்னையிடம் சென்று, "ஆயா, இந்த வீட்டில் உனக்கு எது கடினம்?" என்று கேட்டாள். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "இதை என்னிடம் யாரும் கேட்டதில்லையே, கண்ணு" என்றார்.

அந்த ஏட்டில் மூன்று குறைகள் ஏறின. கொல்லைப்புறப் படியில் இறங்குங்கால் முதியவர் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. தரைக்கீழ்த் தொட்டியிலிருந்து அடுக்களைக்கு நாள்தோறும் பன்னிரண்டு குடம் நீரை என் மனைவி சுமக்கின்றாள். அடுக்களையில் நிற்பவர்க்குக் கூடம் தெரிவதில்லை.

கலம் நிலவை அடைய 40 நாள் ஆயிற்று. அதற்குள் கொத்தனாரும் குழாய்ப் பணியாளரும் எங்கள் வீட்டுப் பணியை முடித்தனர். படியருகே ஒரு கைப்பிடி. எங்கள் கடற்கரையின் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடுமாதலால் அதனை எவர்சில்வர்க் குழாயால் அமைத்தோம். நீரை ஏற்ற ஒரு சிறு மோட்டார். அடுக்களையில் ஒரு குழாய். இடைச்சுவரில் இரண்டு முழ அகலத்தில் ஒரு திறப்பு. செலவு பெரிதன்று, இத்தனை ஆண்டுகள் எங்களைத் தடுத்தது பொருட்குறை அன்று, எண்ணக்குறையே.

ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை எல்லோரும் கூடத்தில் அமர்ந்தோம். என் மனைவியும் கைவேலையை முடித்து வந்து அமர்ந்தாள். திரையில் வளைந்து இறங்கும் ஒரு கோடும் மாறிக்கொண்டேயிருந்த எண்களுமே பெரும்பாலும் தெரிந்தன. 6.04 மணிக்குக் கலம் நிலவின் தென்முனைப் பகுதியில் மெல்ல இறங்கிற்று. தெருவெங்கும் ஆரவாரம் எழுந்தது.

நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து வரும் வானொலி அலை ஏறத்தாழ ஒன்றேகால் நொடியில் புவியை அடைகின்றது. கூடத்திற்கும் அடுக்களைக்கும் இடையிலிருந்த ஏழடியைக் கடக்க எங்களுக்கோ பல்லாண்டுகள் ஆயின! அன்று யான் என் அன்னையின் அருகே அமர்ந்து, 1984ஆம் ஆண்டில் இராகேஷ் சர்மா கூறிய விடையை, 39 ஆண்டுகள் கழித்து, முழுமையாக எடுத்துரைத்தேன். "இதைத்தான் சொன்னாரா!" என்று அவர் புன்னகைத்தார்.

திருவள்ளுவர் 'குற்றங்கடிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். குற்றத்தைக் கண்டு அஞ்சாமல், அதனைத் தேடி நீக்குவதே அறிவு. நிலவிற் கலத்தை இறக்கியதும் அவ்வறிவே. அடுக்களைக்கு நீரைக் கொணர்ந்ததும் அவ்வறிவே. மாணவர்களே! இன்று வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்தில் மிகுதியாக உழைப்பவர் எவரோ அவரிடம் சென்று, "உங்களுக்கு எது கடினம்?" என்று கேளுங்கள். அவர் கூறும் விடையைப் பொறுமையோடு ஏட்டில் எழுதுங்கள். அடுத்த முறை ஓர் அரிய காட்சி தொலைக்காட்சியில் தோன்றும்பொழுது, அவருக்கும் அங்கே ஓர் இருக்கை இருக்கட்டும்.