நேபாளமா? பூடானா?

இரண்டுமே கடல் இல்லாத இமயமலை நாடுகள். இந்தியர்களுக்கு இரண்டுக்குமே விசா தேவையில்லை. அப்போ எது சிறந்தது? ஒப்பிட்டுப் பார்ப்போமா?

சுற்றுலா: நேபாளத்தில் எவரெஸ்ட் (8,849 மீட்டர்) இருக்கு. பணம் கட்டி அனுமதி வாங்கினால் ஏறலாம். பூடானில் 2003 முதல் சிகரம் ஏறவே தடை. மலையில் தெய்வம் இருக்குன்னு நம்புறாங்க. அங்குள்ள கங்கார் புவென்சும் சிகரத்தில் (7,570 மீட்டர்) இதுவரை யாரும் கால் வைக்கவில்லை. ஆனால் பூடானில் தங்க நாமும் தினம் 1,200 ரூபாய் கட்டணும். நேபாளத்தில் அப்படி இல்லை.

தொழில்: இரு நாடுகளும் ஆற்று நீரில் மின்சாரம் எடுத்து இந்தியாவுக்கு விற்கின்றன. சுற்றுலாவும் முக்கிய வருமானம்.

வாழ்க்கை: பூடானில் அரசுப் பள்ளியும் மருத்துவமும் இலவசம். நாட்டில் 60 சதவீதம் காடு இருக்கணும்னு 2008-இல் வந்த அரசியல் சட்டமே சொல்லுது. இதைப் படித்ததும் பூடான்தான் சிறந்ததுன்னு நினைச்சேன். ஆனால் அங்கே படித்த இளைஞர்கள் பலர் ஆஸ்திரேலியாவுக்குப் போறாங்க. நேபாள இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போறாங்க. காரணம், ஊரில் போதிய வேலை இல்லை.

என் முடிவு: சிகரம் ஏற நேபாளம். மலையைக் காக்கக் கற்றுக்கொள்ள பூடான். வாழ்வதற்கோ மலையின் அழகு மட்டும் போதாது, பிழைக்க வேலையும் வேணும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?