மாலத்தீவில் படையும் ஆணையும்
சிறுநாடொன்று தன் படையை ஆளும் முறையை ஆராயப் புகும் நமக்கு மாலத்தீவு தக்க சான்றாகும். 1988 நவம்பர் 3 அன்று கூலிப்படையினர் தலைநகர் மாலேயில் புகுந்தனர். அவர்கள் இலங்கைத் தமிழ் இயக்கமொன்றைச் சார்ந்தோர் என்பதை வருத்தத்துடன் நினைக்கிறோம். அன்று காவற்பணி, போர்ப்பணி இரண்டையும் தேசியப் பாதுகாப்புச் சேவையே சுமந்தது. இந்திய வான்குடை வீரர் வந்தே நிலைமை மீண்டது.

2004இல் காவல்துறை தனியே பிரிந்தது. எஞ்சியது 2006இல் தேசியத் தற்காப்புப் படை எனப் பெயர் பெற்றது. அதன் உச்சத் தளபதி குடியரசுத் தலைவரே. படைத்தலைவர் அவர்க்குக் கீழ்ப்பட்டவர்.

பிரித்தமை மட்டும் போதுமோ? 2012 பிப்ரவரி 7 அன்று காவலர் பலர் ஆணையை மறுத்தனர். படைவீரர் சிலரும் அவர்களோடு சேர்ந்தனர். அன்றே குடியரசுத் தலைவர் முகம்மது நஷீத் பதவி விலகினார். வற்புறுத்தலால் விலகியதாகப் பின்னர் அவர் கூறினார். விசாரணைக் குழு அதனை ஏற்கவில்லை.