வேன்லயே தங்கினா வாடகை மிச்சமா? மாசக் கணக்கு பாருங்க

சென்னையில கட்டுற 12,000 ரூபாய் வாடகை மிச்சமாகுமே, வேன்லயே தங்கி ஊர் ஊராப் போய் வேலை பார்க்கலாமான்னு யோசிக்கிறீங்களா? படுக்கைக்கு வந்தவாசி கோரைப் பாய் போதும், செலவே இல்லை. செலவு ரோட்டுலதான்.

வீட்டு வாடகை தேதியைப் பொறுத்தது, வேன் செலவு கிலோமீட்டரைப் பொறுத்தது. டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 12-னு வைச்சுக்குவோம். மாசம் 1,500 கி.மீ. ஓட்டினா 11,500 ரூபாய். மிச்சம் அங்கேயே காலி! வந்தவாசியில பத்து நாள், ஆரணியில பத்து நாள்னு தங்கித் தங்கிப் போய் 600 கி.மீ.ல முடிச்சா 4,600தான். அதனால தினமும் ராத்திரி செலவோட சேர்த்து ஓடோமீட்டர்ல இருக்கிற எண்ணையும் எழுதுங்க.

அடுத்தது டோல். மேல்மருவத்தூர் வழியா சென்னை போனா பரனூர் டோல் வரும். 2025 ஆகஸ்ட் 15-ல ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் 3,000 ரூபாய்க்கு அறிமுகமாச்சு. 200 டிரிப் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அதுவரைக்கும். சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். வருஷத்துல 20 தடவைதான் டோல் தாண்டுவீங்கன்னா தடவைக்கு 150 ரூபாய் விழும், வாங்காதீங்க.

இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் வருஷத்துக்கு 48,000 ஆகும்னா, மாசக் கணக்குல 4,000 எழுதிடணும். பலர் விடுறது இதைத்தான். டீசல் 4,600-ஓட சேர்த்தா 8,600. மிச்சம் 3,400. ஹோட்டல் சாப்பாடு இதுல சேரலை. வேனுக்கு இ.எம்.ஐ. இருந்தா கணக்கே வேற.