சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வேலை

தனுஷ்கோடிக் கரையில் நின்று செல்போனை எடுத்துப் பார்த்தால், சில நேரம் இலங்கை நிறுவனத்தின் பெயர் திரையில் வந்து உட்கார்ந்திருக்கும். தலைமன்னாருக்கு அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல்தான். கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேலே சூடான உலர்காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில், அந்த அடுக்கே ஒரு குழாய்போல் அலையை இன்னும் தொலைவுக்கு இழுத்துக்கொண்டு போகும். சுற்றுலா வந்தவருக்கு அது வேடிக்கை. அதே அலைவரிசையில் டவர் நடத்துகிற பொறியாளருக்கு அது குறுக்கீடு. எந்தப் பக்கத்து டவர் எவ்வளவு சக்தியில், எந்தத் திசை பார்த்து இயங்கலாம் என்று இரண்டு நாடுகளும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். அப்படிப் பேசப் போகிறவரின் வேலை பற்றியது இந்தக் கட்டுரை.

இ.சி.இ. படித்த நம் பிள்ளைகளில் பலர் நேராக மென்பொருள் பக்கம் போய்விடுகிறார்கள். ஆன்டெனா, அலைப்பரவல் எல்லாம் செமஸ்டர் தேர்வோடு மறந்துபோகிறது. அந்த இரண்டு பாடங்களும் அன்றாடம் கைக்கு வேண்டிய துறை இது. கூடவே கல்லூரியில் யாரும் கற்றுத்தராத ஒன்றும் வேண்டும்: மாறுபட்ட நலன்கள் கொண்ட நாடுகள் ஒப்புக்கொள்ளும்படி ஒரு வாக்கியம் எழுதத் தெரிய வேண்டும். என் கணிப்பில், இந்தத் துறையில் ஒருவரை உயர்த்துவது இரண்டாவதுதான்.

முதலில் களத்தைப் பாருங்கள். 1865இல் பாரிஸில் தந்திக்காகப் பிறந்த சங்கம்தான் இன்று ஜெனீவாவில் இருக்கும் ஐ.டி.யு., அதாவது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். 194 நாடுகள் உறுப்பினர். அது காக்கும் ‘ரேடியோ ஒழுங்குவிதிகள்’ ஒரு சர்வதேச ஒப்பந்தம். அதன் வேர் 1906 பெர்லின் மாநாட்டில் இருக்கிறது. உலகம் மூன்று மண்டலங்கள். இந்தியாவும் இலங்கையும் மூன்றாவதில். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக ரேடியோ மாநாடு கூடி விதிகளைத் திருத்துகிறது. 2023 துபாய் மாநாட்டில் 6425 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை ஐரோப்பா, ஆப்பிரிக்கா அடங்கிய முதல் மண்டலத்தில் மொபைல் பிராட்பேண்டுக்கு அடையாளம் காணப்பட்டது. நம் மண்டலம் முழுமைக்கும் கிடைத்தது அதில் கடைசி 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும். மீதிப் பகுதிக்கு கம்போடியா, லாவோஸ், மாலத்தீவு ஆகியவை ஓர் அடிக்குறிப்பில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டன. இந்த வேலைக்கு வருபவர் அடிக்குறிப்பைத் தாண்டிப் போகவே கூடாது.

விஷயம் எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு வழக்கு போதும். காற்றில் இருக்கும் நீராவி 23.8 கிகாஹெர்ட்ஸ் அருகே மிக மெல்லியதாகத் தானே கதிர்வீசுகிறது. வானிலைச் செயற்கைக்கோள்கள் எதையும் அனுப்பாமல் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. புயல், மழைக் கணிப்புக்கு அந்த அளவீடு உயிர்நாடி. நீராவி இயற்கை, அதை வேறு அலைவரிசைக்கு மாறச் சொல்ல முடியாது. 5ஜிக்கு உலகம் கேட்டதோ பக்கத்து வீடு: 24.25 முதல் 27.5 கிகாஹெர்ட்ஸ். டவர்களிலிருந்து இந்தப் பக்கம் எவ்வளவு கசியலாம் என்பதுதான் 2019இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த மாநாட்டின் பெரிய சண்டை. முடிவு: 200 மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 33 டெசிபல் வாட்; 2027 செப்டம்பர் 1க்குப் பிறகு நிறுவப்படும் டவர்களுக்கு மைனஸ் 39. ஆறு டெசிபல் என்றால் கசிவு கால் பங்காகக் குறைகிறது என்று பொருள். இதுவும் போதாது என்று உலக வானிலை அமைப்பு வெளிப்படையாகவே கவலை தெரிவித்தது. வங்கக் கடல் புயல்களோடு வாழ்கிற நமக்கு அந்தக் கவலை புரியும். 2022இல் 26 கிகாஹெர்ட்ஸை ஏலம் விட்ட இந்தியாவுக்கு 5ஜியும் வேண்டும், மழைக் கணிப்பும் வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே எண் தேடுவதுதான் இந்தப் பொறியாளரின் சம்பளத்துக்கான வேலை.

நாள்தோறும் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் ஆவணம். ஒவ்வொரு நாட்டு முன்மொழிவிலும் விதிக்கு மேலே ஒரு குறி நிற்கும். ‘ஏ.டி.டி.’ என்றால் புதிதாகச் சேர்ப்பது. ‘எம்.ஓ.டி.’ திருத்தம். ‘எஸ்.யு.பி.’ நீக்கம். ‘என்.ஓ.சி.’ என்றால் கைவைக்கக் கூடாது என்று அர்த்தம். நம் அலுவலகங்களில் வாங்கும் தடையில்லாச் சான்றிதழோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்னும் உடன்பாடு வராத சொற்களும் எண்களும் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஒரு பத்தியில் முதல் வாரம் பத்து அடைப்புக்குறிகள் இருக்கும். கூட்டத்துக்கு மேல் கூட்டமாக, சில நாள் நள்ளிரவு வரை பேசி, அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். ஓட்டெடுப்பு அபூர்வம். எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேச்சு. “எங்கள் நாடு ஏற்காது” என்று மட்டும் சொல்பவரை மேசை விரைவில் மறந்துவிடும். “இந்த எண் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, ஆன்டெனா உயரம் என்ன வைத்தீர்கள்?” என்று கேட்பவரைச் சுற்றி இடைவேளையில் ஆள் கூடும்.

மாநாடு வெறும் கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய நான்காண்டு ஆய்வுக் குழுக்களில்தான் உண்மையான வேலை. மொபைல் பிராட்பேண்டுக்கு ‘5டி’ என்ற பணிக்குழு. இந்தியாவின் தரநிலை அமைப்பான டி.எஸ்.டி.எஸ்.ஐ. முன்னெடுத்த ஒரு யோசனை அங்கே வென்ற கதை தெரிந்துகொள்ள வேண்டியது. நம் கிராமங்களில் பிராட்பேண்ட் கட்டுப்படியாக வேண்டுமானால் டவர்கள் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். ஆகவே 6 கிலோமீட்டர் இடைவெளியிலும் 5ஜி தேற வேண்டும் என்ற சோதனை நிலையைச் சேர்க்கச் சொன்னார்கள். 2017இல் அது ஐ.டி.யு.வின் 5ஜி தேவைப் பட்டியலில் ஏறியது. சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இயங்கும் ‘செவிட்’ போன்ற நிறுவனங்களில் இந்த மாதிரி வேலை நடக்கிறது. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நுழைவு வழி. அரசுப் பக்கம் என்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வு: முதல்நிலை, முதன்மை, நேர்முகம். அதில் மின்னணுவியல், தொலைத்தொடர்புப் பிரிவில் ‘இந்திய ரேடியோ ஒழுங்குமுறைப் பணி’ என்று ஒன்று இருக்கிறது. தேர்வு எழுதுபவர்களிலேயே பலர் அதைக் கடைசி விருப்பமாகப் போடுகிறார்கள் என்று கேட்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். தேறினால் 1952இல் தொடங்கிய டபிள்யூ.பி.சி. (வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்பு) பிரிவு. நாட்டின் அலைக்கற்றை முழுவதற்கும் கணக்கு அங்கேதான். இலங்கையில் இதே பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம். தனியார் பக்கமும் கதவு திறந்திருக்கிறது: டெலிகாம் நிறுவனங்களின் ஒழுங்குமுறைப் பிரிவு, எரிக்சன், நோக்கியா, குவால்காம் போன்ற கருவித் தயாரிப்பாளர்கள், செயற்கைக்கோள் நிறுவனங்கள். இவர்களும் ஐ.டி.யு. குழுக்களில் உட்காருகிறார்கள். பாங்காக்கில் இயங்கும் ஆசிய பசிபிக் டெலிகம்யூனிட்டியும் ஒரு களம். பல நாடுகள் பின்பற்றும் 700 மெகாஹெர்ட்ஸ் பகுப்பு அங்கே உருவானதுதான்.

சான்றிதழ் படிப்பு தேடி அலைவதற்கு முன் கையால் ஒன்று செய்து பாருங்கள். ரேடியோ ஒழுங்குவிதிகள் ஐ.டி.யு. தளத்தில் இலவசம். ஐந்தாம் பிரிவிலுள்ள அட்டவணையில் 3300 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பக்கத்தை எடுத்து, அதோடு இந்தியாவின் தேசிய அலைவரிசை ஒதுக்கீட்டுத் திட்டத்தை வைத்து ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறது, எந்த அடிக்குறிப்பால் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்து ‘பி.452’ என்ற பரிந்துரை. இரு நிலையங்களுக்கு இடையிலான குறுக்கீட்டைக் கணக்கிடும் முறை. தனுஷ்கோடி–தலைமன்னார் பாதையைப் போட்டு, காலத்தில் 50 சதவீதத்துக்கு ஒருமுறை, 1 சதவீதத்துக்கு ஒருமுறை கணக்கிடுங்கள். இரண்டு விடைகளுக்கும் உள்ள இடைவெளியில் அந்தக் கடற்காற்றுக் குழாய் தெரியும். ஐரோப்பியர்கள் இலவசமாகத் தரும் ‘சீம்கேட்’ மென்பொருளையும் பழகிவிடுங்கள். நேர்முகத்தில் இப்படிச் செய்து பார்த்ததைக் காட்டுபவருக்கும் வெறும் மதிப்பெண் பட்டியலைக் காட்டுபவருக்கும் உள்ள தூரம் பெரிது. முடிந்தால் ஹாம் ரேடியோ உரிமமும் வாங்குங்கள். குறுக்கீடு என்றால் என்ன என்பது காதில் கேட்டால்தான் மனதில் நிற்கும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இது மெதுவான வேலை. ஒரு வரிக்காக நான்காண்டு உழைத்து, கடைசி இரவில் அந்த வரி நீங்கிப் போவதும் உண்டு. ஆங்கிலத்தில் சுருக்கமாகவும் துல்லியமாகவும் எழுத வராவிட்டால் திணறல்தான். பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தால் வராந்தாப் பேச்சுக்கு உதவும்.

அடுத்த மாநாடு 2027 அக்டோபர், நவம்பரில் ஷாங்காயில். மொபைலுக்காக 4400 முதல் 4800 மெகாஹெர்ட்ஸ், 7125 முதல் 8400 மெகாஹெர்ட்ஸ், 14.8 முதல் 15.35 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்றும் மேசையில் இருக்கின்றன. அதற்கு அடுத்த மாநாடு எதைப் பேச வேண்டும் என்ற பட்டியலும் ஷாங்காயில்தான் உறுதியாகும். இன்று கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் இருப்பவர் உழைக்கப்போவது அந்தப் பட்டியலில்.