மழைக்கு முன் காயவையுங்கள், பிறகு காற்றை இழுங்கள்

திருத்தணி வட்டாரத்துக்கான புரட்டாசி ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் நமக்குக் கிடைப்பது புரட்டாசியின் மிச்ச வெயில்தான். அதுவும் நாள் முழுக்க நிற்காது. காலையில் சுள்ளென்று அடிக்கும். மாலையில் நகரி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். இருட்டுவதற்குள் ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போகும். எனவே பருப்பு, பயறு, ரவை, மிளகாய் வற்றல், வேர்க்கடலை எல்லாவற்றையும் இந்த வாரமே மாடிக்கு ஏற்றுங்கள். காலை 9 மணிக்கு விரித்து, பிற்பகல் 3 மணிக்குள் வாரிவிடுங்கள். மாலைக் காற்றில் ஈரம் ஏறத் தொடங்கினால், பகலெல்லாம் காய்ந்தது அந்த ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும்.

காற்றை உறிஞ்சி வெற்றிடமாக மூடும் கண்ணாடி ஜாடிகள் இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டன. மூடியில் சிறு வால்வு இருக்கும். கைப்பம்பை அதன்மேல் வைத்து இழுத்தால் உள்ளிருக்கும் காற்று வெளியே வந்துவிடும். நல்ல சாதனம், வாங்கலாம். ஆனால் அது காய்ந்த பொருளைக் காப்பாற்றுமே தவிர, ஈரப் பொருளைக் காப்பாற்றாது. இந்த ஒன்றை மறந்தால் ஜாடி வாங்கியும் பயனில்லை.

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். கைப்பம்பால் ஜாடிக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கை இழுத்துவிட்டதாக வைத்துக்கொண்டால், வெளிக்காற்றின் கணக்கில் சுமார் 4 சதவீதத்துக்கு நிகரான ஆக்சிஜன் உள்ளே மிஞ்சும். வேர்க்கடலை, எள், முந்திரி, தீபாவளி முறுக்கு போன்ற எண்ணெய்ப் பசையுள்ளவற்றில் சிக்கு வாடை ஏறுவது ஆக்சிஜனால்தான். அது குறைந்தால் வாடை தள்ளிப்போகும். மூடி இறுக்கமாக இருப்பதால் வெளி ஈரமும் புகாது, முறுக்கு நமுத்துப் போகாது. சாம்பார் பொடி, இட்லிப் பொடி, நம் எல்லைப்புற வீடுகளில் சோற்றுக்குப் பிசைந்து சாப்பிடும் பருப்புப் பொடி ஆகியவற்றின் மணமும் தங்கும். மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் இந்த ஜாடிகளுக்கு ஒன்றும் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கொசஸ்தலையில் தண்ணீர் வந்தால் பள்ளிப்பட்டு பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கிக் கடைக்குப் போகவே வழியிருக்காது. அப்படிப்பட்ட நாட்களுக்குப் பருப்பும் ரவையும் வீட்டில் கெடாமல் இருக்கவேண்டும்.

வேர்க்கடலையை முதலில் கவனியுங்கள். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்தது இப்போதுதான் பிடுங்கப்படுகிறது, மழையும் கூடவே வருகிறது. ஈரத்தோடு குவித்து வைத்த கடலையில் பச்சை மஞ்சளாக ஒரு பூசணம் பிடிக்கும். அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர். கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகு காரணத்தைத் தேடியபோதுதான், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருப்பது தெரிந்தது. வறுத்தாலும் இது முழுவதுமாகப் போகாது. காற்றை இழுத்தாலும் ஏற்கெனவே ஊறிய நஞ்சு அப்படியே இருக்கும்.

ஆகவே கடலையை ஓட்டோடு நன்றாகக் காயவிடுங்கள். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கடகடவென்று பருப்பு உருளவேண்டும். உடைத்துப் பார்த்தால் பருப்பு வளையாமல் படக்கென்று இரண்டாகப் பிளக்கவேண்டும். விரலால் தேய்த்ததும் சிவப்புத் தோல் உரியவேண்டும். பிறகு முறத்தில் போட்டுச் சொத்தை, சுருங்கியது, நிறம் மாறியது, ஓடு உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பொறுக்கியதை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடவேண்டாம். கறவை மாடு தின்றால் அந்த நஞ்சு பாலிலும் வரும்.

பயறு, கொண்டைக்கடலைக்கு வேறு தொல்லை. நவராத்திரிச் சுண்டலுக்கு என்று ம.பொ.சி. சாலைக் கடைகளில் வாங்கி வந்ததும் ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மணியின் மேல் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது வண்டின் முட்டை. வண்டு வயலிலேயே தொற்றத் தொடங்கிவிடும். கைப்பம்பு இழுப்பில் அவ்வளவும் செத்துவிடும் என்று நம்பவேண்டாம். ஃப்ரீசர் இருந்தால் காற்றுப் புகாத உறையில் கட்டி நான்கு நாள் வைத்து எடுங்கள். குளிர் தணியும்வரை உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் மணியின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ரவையை நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல வெறும் வாணலியில் வறுத்து, ஆறவிட்டு வைத்தால் போதும்.

காய்ந்ததா என்ற சந்தேகம் இருந்தால் அரிசி, பயறு போன்றவற்றை உப்பைக் கொண்டு சோதிக்கலாம். நன்றாக வறுத்து ஆறிய தூள் உப்பு ஒரு கரண்டி, தானியம் ஒரு பிடி, இரண்டையும் காய்ந்த பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். கண்ணாடிச் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் இருக்கிறது, இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

எதையும் சூட்டோடு ஜாடியில் போடாதீர்கள். ஆறியபின், கழுவி வெயிலில் வைத்த ஜாடியில் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம்விட்டு நிரப்புங்கள். பொடி என்றால் மேலே ஒரு வட்டத் தாள் போடுங்கள். இல்லையென்றால் பம்பு பொடியையும் உறிஞ்சி வால்வை அடைத்துவிடும். ஜாடி வாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரப்பர் வளையம் பிடிக்காது, துடைத்துவிட்டு மூடுங்கள். மறுநாள் மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். அசையாமல் குழிந்து இருந்தால் சரி. டிக்கென்று ஏறி இறங்கினால் காற்று புகுந்துவிட்டது. கண்ணாடி வழியாக வெளிச்சம் பட்டாலும் எண்ணெய்ப் பொருள் சிக்கடிக்கும். அலமாரிக்குள் வையுங்கள், அல்லது செய்தித்தாளைச் சுற்றி வையுங்கள்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலையும் சதுர பாட்டிலையும் இதற்குப் பயன்படுத்தவேண்டாம். 7 சென்டிமீட்டர் அகல மூடியின் மேல், உள்ளே முழு வெற்றிடமானால், வெளிக்காற்று ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். தடித்த, வட்டமான, கீறல் இல்லாத ஜாடிதான் அதைத் தாங்கும். உள்ளே மெழுகுவத்தி ஏற்றி மூடும் வித்தையையும் விட்டுவிடுங்கள். பெரும்பகுதி ஆக்சிஜன் உள்ளே இருக்கும்போதே திரி அணைந்துவிடும். எரிந்ததில் உண்டான நீராவியும் ஜாடிக்குள்ளேயே தங்கும்.

ஆவக்காயைத் தொடவேண்டாம். உப்பும் புளிப்பும் எண்ணெயும் அதைக் காப்பாற்றிக்கொள்ளும். பீங்கான் ஜாடியே அதற்கு ஏற்றது. இட்லி மாவையும் வெற்றிட ஜாடியில் வைக்காதீர்கள், அது பொங்கும்.

சமைத்த குழம்பு, வேகவைத்த காய், காளான், எண்ணெயில் ஊறிய பூண்டு, பூண்டு விழுது இவற்றைக் காற்று இழுத்து வெளியே வைப்பது உயிருக்கே ஆபத்து. பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி, ஆக்சிஜன் இல்லாத, ஈரமுள்ள, புளிப்புக் குறைந்த இடத்தில்தான் பெருகும். வெற்றிட ஜாடி அதற்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடும். பூண்டு மண்ணுக்குள் விளைவது. அதனோடு இந்தக் கிருமியின் வித்தும் வரக்கூடும். இவற்றையெல்லாம் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். யாராவது சாப்பிட்டபின் கண் இமை தொங்கி, பார்வை இரண்டாகத் தெரிந்து, விழுங்கச் சிரமப்பட்டால் விடியட்டும் என்று காத்திராமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இந்த நச்சு இருந்தாலும் வாடை மாறாமல் இருக்கலாம், நிறமும் மாறாமல் இருக்கலாம். அப்படி வெளியே வைத்த குழம்பு ஜாடி உங்கள் வீட்டில் இப்போது இருந்தால், கெட்டுவிட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.